ஸ்பார்க் பிளக்கை இறுக்கினேனா இல்லையா? விமானப் பராமரிப்பு வேலை தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்

உப்புவெளிப் பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் உப்புவெளி. சீனன்குடாவில் இருந்து எழும்புகிற பயிற்சி விமானங்களைப் பார்த்தே வளர்ந்தவன். மற்றப் பொடியன்களுக்கு அதை ஓட்ட ஆசை, எனக்குக் கழற்றிப் பூட்டத்தான் ஆசை. இப்போது கொழும்புப் பக்கம் ஓரிடத்தில் விமானப் பராமரிப்பு வேலை பழகுகிறேன், ஒன்றரை வருடம் ஆகிறது. இடத்தின் பெயர் வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை செஸ்னா 172 ஒன்றுக்கு, நூறு மணிநேரம் பறந்ததும் செய்கிற சோதனை நடந்தது. அதன் என்ஜினில் நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று கீழே ஒன்றாக எட்டு ஸ்பார்க் பிளக். எட்டையும் கழற்றித் துப்புரவாக்கி, இடைவெளி பார்த்துத் திரும்பப் பூட்டுகிற வேலையைச் சீனியர் அண்ணா என்னிடம் தந்தார். முதலில் கையால் திருகி உட்காரவைக்க வேண்டும், பிறகு டோர்க் ரென்ச்சால், அதாவது சரியான இறுக்கம் வந்ததும் "கிளிக்" என்று சத்தம் தருகிற சாவியால், புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். மேலே இருக்கிற நாலும் சரியாக முடிந்தது. கீழே மூன்றாவது பிளக் கையில் இருக்கும்போது அம்மாவின் போன் வந்தது. அப்பாவுக்குச் சீனி கூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வெளியே போய் ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு வந்தேன், வயர்களைக் கொழுவினேன், மூடியைப் பூட்டினேன். "எல்லாம் சரியா?" என்று அண்ணா கேட்டார். "சரி அண்ணா" என்றேன். அவர் தாளில் கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் காலையில் என்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டு விமானத்தைக் கொடுப்பதாக இருந்தது.

அன்று இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். கந்தளாய் தாண்டும்போது இரண்டு மணி இருக்கும், திடீரென்று விழித்துக்கொண்டேன். அந்த மூன்றாவது பிளக்குக்கு ரென்ச் வைத்தேனா? எவ்வளவு யோசித்தும், கையால் திருகியதுதான் நினைவுக்கு வந்ததே தவிர ரென்ச் "கிளிக்" என்ற சத்தம் நினைவுக்கு வரவில்லை. அந்த நேரத்திலேயே அண்ணாவுக்கு எடுத்தேன். அவர் ஏசவில்லை. காலை ஆறு மணிக்குப் போய்த் திறந்து பார்த்திருக்கிறார். அந்தப் பிளக் கையால் திருகின அளவிலேயே இருந்ததாம்.

அவர் இறுக்கிவிட்டு எனக்குச் சொன்னது இதுதான்: "இனி இதை விடு. ஒருவரிடமும் சொல்லாதே. பேப்பரில் போட்டால் இரண்டு பேருக்கும் வில்லங்கம்."

அவர் நல்ல மனிதர், என்னைத் தம்பி போலப் பார்ப்பவர். ஆனால் மூன்று நாளாக எனக்கு நித்திரை இல்லை. ஓட்டிப் பார்க்கும்போது தெரிந்திருக்குமா, தெரியாமல் போயிருக்குமா, அதில் படிக்கிற பிள்ளை யாராவது தனியாகப் பறந்திருந்தால்? இவ்வளவு ஆசையாகச் செய்கிற வேலையிலேயே நான் எப்படி இதை விட்டேன்? அண்ணா சொன்னபடி பேசாமல் இருப்பதா, மேலே சொல்வதா?

ஓர்ஸ்ஹில் பெரியவர்

தம்பி, முதலில் அப்பா எப்படி? அதை எழுத மறக்காதே.

நான் வளைகுடாவில் இருபது வருடத்துக்கு மேல் விமான எஞ்சினியராக வேலை செய்து ஓய்வெடுத்தவன். இந்த மாதிரி இரவு எனக்கும் வந்திருக்கிறது. இதில் பெரிய விஷயம் நீ பிளக்கை விட்டதில்லை, இரண்டு மணிக்கு போன் எடுத்தது. "விடியட்டும் பார்ப்போம்" என்று எத்தனையோ பேர் படுத்துவிடுவார்கள்.

எப்படி விட்டேன் என்று கேட்டாயே. 1990 ஜூன் 10ஆம் திகதி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் ஏர்வேஸின் 5390, பர்மிங்காமில் இருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் போன விமானம். 17,300 அடியில் கேப்டனின் பக்கத்துக் கண்ணாடி அப்படியே கழன்று பறந்தது, கேப்டன் பாதி உடம்பு வெளியே இழுபட்டுப் போனார். உள்ளே இருந்த பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், துணை விமானி சவுத்ஹாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லாரும் பிழைத்தார்கள்.

காரணம் என்ன? அதற்கு 27 மணிநேரம் முன்புதான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். தொண்ணூறு போல்ட்டில் 84 போல்ட்டின் விட்டம் 0.66 மில்லிமீட்டர் குறைவு. மிச்சம் ஆறின் விட்டம் சரி, நீளம் காணாது. அந்த வேலையைச் செய்தவர் புதுப்பொடியன் இல்லை, அந்த இரவு ஷிப்டுக்குப் பொறுப்பானவரே ஆள் குறைவு என்று தானே இறங்கிச் செய்தார். கழற்றின பழைய போல்ட்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அங்கே இருந்தவர் அந்தக் கண்ணாடிக்கு வேறு போல்ட் என்று சொல்லியும் இருக்கிறார். பழையதே இத்தனை வருடம் நின்றதே என்ற எண்ணத்தில் வெளிச்சம் காணாத இன்னொரு இடத்தில் இருந்த பெட்டியில் கண்ணளவாகப் பார்த்து எடுத்தார். புத்தகத்தைத் திறந்து இலக்கம் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. சோம்பேறி என்று அவரைச் சொல்ல என்னால் முடியாது, ஆளில்லாத இரவில் விடியமுதல் விமானத்தைக் கொடுக்கவேண்டும் என்று ஓடியவர் அவர்.

கை பழகின வேலையில் மூளை அடுத்த படிக்குத் தானாகத் தாவிவிடும், நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்பி வரும்போது நாம் விட்ட இடத்துக்கு வருவதில்லை, விட்டதாக நினைக்கிற இடத்துக்கு வருகிறோம், அது பெரும்பாலும் ஒரு படி முன்னாலே இருக்கும். கனடாவின் போக்குவரத்துத் துறையில் இருந்த கோர்டன் டுபோன்ட் என்பவர் 1993இல் பராமரிப்புக்காரர் பிழைவிடுகிற பன்னிரண்டு காரணங்களைத் தொகுத்தார், அதில் ஒன்று இந்தக் கவனச் சிதறல். அதற்கு அவர்கள் சொல்லிக்கொடுக்கிற மருந்தும் எளிது: திரும்பி வந்தால் மூன்று படி பின்னுக்குப் போய்த் தொடங்கு. உன் விஷயத்தில் என்றால், கீழே உள்ள நாலுக்கும் ரென்ச்சைத் திரும்ப ஒருக்கா வைத்திருப்பாய்.

மற்றது, வேலையை விட்டுப் போகும்போது பாதியில் இருப்பதைப் பாதியில் இருப்பது போலவே தெரிய விடு. அந்தப் பிளக்கின் வயரைக் கொழுவாதே, மூடிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டு.

அண்ணாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

நிலாவெளிக்காரன்

ஐயா சொல்வது சரிதான், ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். கவனச் சிதறல், களைப்பு, ஆள் குறைவு என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே போனால் பொறுப்பு யாருக்கு? நான் வேன் ஓட்டுகிறவன். போன் கதைத்துக்கொண்டு ஓட்டி ஆளை அடித்தால் "கவனம் சிதறிவிட்டது" என்று சொல்லித் தப்ப முடியுமா? தம்பி பரவாயில்லை, பழகுகிற பிள்ளை. ஆனால் திறந்து பார்க்காமல் கையெழுத்து வைத்தாரே அந்தச் சீனியர், அவர்தான் எனக்குப் பயம். அவர் பார்த்துத்தான் வைத்திருக்கிறார் என்று நம்பித்தானே சனம் ஏறுது. அவரை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

கிண்ணியா கடலோடி

தம்பி, எனக்கு விமானம் தெரியாது. நான் படகு என்ஜின் திருத்துகிறவன், எங்களுக்கும் இதே வியாதி இருக்கு. ஃபைபர் படகைக் கரைக்கு ஏற்றினால் பின்னால் இருக்கிற பிளக்கைக் கழற்றித் தண்ணியை வடியவிடுவோம். திரும்ப இறக்கும்போது அதை அடைக்க மறந்தால் சங்கதி முடிந்தது. ஒரு முறை நானே மறந்தேன். விடியற்காலை ஐஸ் வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்த் தூக்கி வைத்துவிட்டு வந்து படகைத் தள்ளிவிட்டேன். இரண்டு பேர் ஏறிப் போனார்கள். கொட்டியாரக்குடாவின் நடுவில் காலடியில் தண்ணி ஏறின பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், பக்கத்தில் வேறு படகு இருந்தது.

அதற்குப் பிறகு "இனிக் கவனமாக இருப்பேன்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் திரும்ப மறந்தேன், அந்த முறை தள்ளமுதல் கண்டேன். அப்போதுதான் விளங்கியது, கவனமாக இருப்பேன் என்று நினைப்பது ஒரு வேலை இல்லை. இப்போது பிளக்கைக் கழற்றினால் அதை என்ஜினின் நிறுத்துச் சுவிட்சில் கொழுவுகிற கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். கயிற்றை எடுக்காமல் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது, கயிற்றை எடுத்தால் பிளக் கையில் வரும். ஆறு வருடமாக ஒரு நாளும் தவறவில்லை.

விமானத்திலும் இப்படி ஏதாவது இருக்கும்தானே, மறந்தாலும் மறக்க விடாத மாதிரி?

தம்பலகாமத்தாள்

நான் ஆஸ்பத்திரியில் தியேட்டரில் வேலை செய்கிற தாதி. கடலோடி நானா எழுதினதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வயிற்றைத் திறக்கமுதல் துணிகளையும் ஊசிகளையும் ஆயுதங்களையும் எண்ணுவோம். உள்ளறையை மூடமுதல் எண்ணுவோம். தோலைத் தைக்கும்போது திரும்ப எண்ணுவோம். ஒருவர் சத்தமாக எண்ண மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பலகையில் எழுத வேண்டும். ஒன்று குறைந்தால் எவ்வளவு பெரிய சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தாலும் மூடாமல் நிற்பார். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இது வெறும் சடங்கு மாதிரித் தெரியும். எனக்கும் தெரிந்தது, பன்னிரண்டாவது மணிநேரத்தில் நிற்கும்போது ஒரு நாள் எண்ணிக்கை ஒன்று குறைகிற வரைக்கும். அது வாளிக்குள்ளேதான் கிடந்தது, ஆனால் தேடின பத்து நிமிடத்தில் என் கை நடுங்கினது எனக்குத் தெரியும்.

அதைவிடப் பயம் ஷிப்ட் மாறுகிற நேரம். "கட்டில் ஏழுக்கு ஊசி போட்டாச்சு" என்று நினைப்பார்கள், சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பாதி வாயோடு போய்விடும். விமானத்திலும் இரவு பகல் என்று ஆள் மாறுவார்கள்தானே ஐயா, அங்கே என்ன செய்வீர்கள்?

தம்பி, அப்பாவின் சீனி எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வீட்டில் இப்படி நடந்தால் சீனியரிடம் வாயைத் திறந்து சொல்லி, வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அது குறைச்சல் இல்லை.

ஓர்ஸ்ஹில் பெரியவர்

பிள்ளை கேட்ட ஷிப்ட் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் என்னை மிகவும் உலுக்கிய விபத்து அதுதான். 1991 செப்டம்பர் 11, டெக்சாஸ். கொன்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574, எம்ப்ரேயர் 120 ரகச் சிறிய விமானம். முதல் நாள் இரவு அதன் வால் பகுதிக் கிடைச் சிறகின் முன்விளிம்பில் வேலை. இரவின் முதல் ஷிப்ட் மேற்பக்கத்து ஸ்குரூக்களை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டது. அடுத்த ஷிப்ட் வலது பக்கத்தை மட்டும் முடித்தது. இடது பக்கத்து மேல் வரிசையின் 47 ஸ்குரூ கழன்றபடியே விமானம் காலையில் பறக்கப் போனது. கீழ் வரிசை இருந்ததால் நிலத்தில் இருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. ஏறும்போது பிடித்தது, இறங்கும் வேகத்தில் அந்த விளிம்பு பிரிந்துவிட்டது. 14 பேர், ஒருவரும் தப்பவில்லை.

இதில் என் மனதில் நின்றது என்னவென்றால், முதல் ஷிப்டின் பரிசோதகர் ஸ்குரூ கழற்றினதைக் குறிப்பில் எழுதியிருந்தார். ஆனால் அடுத்த ஷிப்ட் பரிசோதகர் நேரத்தோடு வந்து, அவர் எழுதமுதலே அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எழுதினவரும் கெட்டவர் இல்லை, வாசித்தவரும் கெட்டவர் இல்லை. அதனால்தான் நாங்கள் எழுதினதோடு விடுவதில்லை, விமானத்துக்குக் கீழே இரண்டு பேரும் நின்று, கை வைத்துக் காட்டி, "இது கழன்றிருக்கு, இது பூட்டியாச்சு" என்று சொல்லிக் கொடுப்போம்.

கடலோடித் தம்பியின் கயிறு போல எங்களுக்கும் நிறைய இருக்கிறது. கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் வரைந்திருக்கும், ஒன்று குறைந்தால் தூரத்தில் இருந்தே தெரியும், அது கிடைக்காமல் விமானம் அசையாது. இறுக்கின நட்டின் மேல் நிறக்கோடு போடுவோம். உயரத்தையும் வேகத்தையும் அளக்க உதவுகிற காற்றழுத்தத் துளைகளை மூடினால் நீளமான சிவப்பு நாடா தொங்கவேண்டும். பெருவில் 1996இல் ஒரு போயிங் 757இன் உடலைக் கழுவும்போது அந்தத் துளைகளுக்கு மேல் நாடா போல ஒன்றை ஒட்டி, எடுக்காமல் விட்டுவிட்டார்கள். உடலின் நிறத்தோடு அது தெரியவில்லை. இரவுக் கடலுக்கு மேல் உயரமானியும் வேகமானியும் பொய் சொல்லி, 70 பேர் போனார்கள். ஒட்டினவர் பயிற்சி இல்லாத ஒரு தொழிலாளி, பார்க்க வேண்டிய மற்றவர்களும் பார்க்கவில்லை.

நிலாவெளித் தம்பிக்கு: உங்கள் கோபம் நியாயம். பிழைவிட்டவனையும் தெரிந்துகொண்டே விதியை மீறினவனையும் ஒரே தராசில் போடக்கூடாது என்பதுதான் நான் சொல்வது. பொடியன் மறந்தான், அவனைத் தண்டித்தால் அடுத்த பொடியன் இரண்டு மணிக்கு போன் எடுக்க மாட்டான். சீனியர் பார்க்காமல் வைத்த கையெழுத்து வேறு. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் சார்லட்டில் ஏர் மிட்வெஸ்ட் 5481 எழும்பினதும் மூக்கு மேலே போய் விழுந்தது, 21 பேர். மூக்கை மேலே கீழே திருப்புகிற எலிவேட்டரின் கேபிளைச் சரிப்படுத்தினவர் அந்த ரகத்தில் அந்த வேலையை முதல் முறை செய்தவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சில படிகள் தேவையில்லை என்று விட்டார், கடைசியில் அதைப் பரிசோதித்துக் கையெழுத்து வைத்தவரும் அவரே. விமானத்தில் பாரமும் கூடியிருந்தது, இரண்டும் சேர்ந்தது. சொல்லிக்கொடுக்கிறவர் தான் சொல்லிக்கொடுத்ததையே பரிசோதித்தால் அது இரண்டாவது கண் இல்லை, அதே கண்தான். தம்பி, உன் இடத்தில் நடந்ததும் இதுதான்.

ஆனபடியால் பேசாமல் இருக்காதே. அதேநேரம் அண்ணாவைத் தாண்டி மேலே போகாதே, முதலில் அவரிடமே போ. "அண்ணா, நான் எழுதப்போகிறேன், நீங்களும் சேர்ந்து எழுதினால் நல்லது" என்று சொல். யார் செய்தது என்பதற்காக எழுதவேண்டாம். போன் வந்ததால் ஒரு படி விடுபட்டது, கையெழுத்துக்கு முன் யாரும் ரென்ச் வைத்துப் பார்க்கவில்லை, அதை எப்படி அடைப்பது, இவ்வளவுதான் எழுது. நீ சொல்லாமல் விட்டால் அந்த ஓட்டை அப்படியே இருக்கும், வேறொரு நாள் வேறொரு பிள்ளைக்குப் போன் வரும். ஜப்பானில் 1985இல் விழுந்த ஜம்போவில் 520 பேர் போனார்களே, பின்பக்கத் தடுப்புச் சுவரைத் திருத்தும்போது விட்ட பிழை 1978இல் நடந்தது. ஏழு வருடம் அந்தப் பிழையோடு அது பறந்துகொண்டிருந்தது.

நிலாவெளிக்காரன்

விளங்குது ஐயா. சீனியரை நிறுத்த வேண்டும் என்று எழுதினதை நான் திருப்பி எடுக்கவில்லை, ஆனால் தம்பி அவரிடம் முதலில் கதைப்பதுதான் சரி. அவர் மறுத்தால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

ஓர்ஸ்ஹில் பெரியவர்

மறுத்தால் தனியாக எழுதலாம். ஒழுங்கான இடத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் என்று ஒருவர் இருப்பார், பெயர் போடாமல் கொடுக்கிற வழியும் இருக்கும். ஆனால் அண்ணா ஆறு மணிக்கு எழும்பிப் போய்த் திறந்து பார்த்த மனிதர். மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உப்புவெளிப் பொடியன்

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத ஒன்பது நாள் பிடித்துவிட்டது.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கொண்டுபோகும்போது சீனி நானூறுக்கு மேல் இருந்ததாம் அக்கா, இப்போது ஊசி போடுகிறார்.

திங்கள் காலை வேலை தொடங்கமுதல் அண்ணாவிடம் போனேன். ஐயா சொன்ன வசனத்தை அப்படியே சொன்னேன். அவர் கனநேரம் ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு அவர் சொன்னது எனக்குப் புதிது. பழகுகிற காலத்தில் அவரும் ஒரு பிழையைச் சொன்னாராம், எல்லாருக்கும் முன்னால் வைத்து அவரை ஏசி, மூன்று மாதம் கருவி கழுவ மட்டும் விட்டார்களாம். அதனால்தான் என்னைப் பேசவேண்டாம் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினோம். "நான் பார்க்காமல் கையெழுத்து வைத்தேன்" என்ற வரியை அவரே தன் கையால் எழுதினார், நான் கேட்கவில்லை.

மேலே இருந்து இரண்டு பேர் வந்து கேட்டார்கள். எனக்கு ஏச்சு விழவில்லை. அண்ணாவுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது, அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நிலாவெளி அண்ணாவுக்கு இது காணாது என்று தோன்றலாம்.

இப்போது வேலை நேரத்தில் போன் எல்லாம் அலுவலக மேசையில் இருக்கவேண்டும், வீட்டுக்காரருக்கு அந்த மேசையின் இலக்கம் கொடுத்தாயிற்று. அவசரம் என்றால் அங்கே இருப்பவர் வந்து சொல்வார், உடனே வேலை இன்னொருவர் கைக்குப் போகும். பழகுகிறவர் இறுக்கினதை, சொல்லிக்கொடுத்தவர் இல்லாத வேறொருவர் ரென்ச் வைத்துப் பார்க்கிறார். கடலோடி நானாவின் கயிற்றுக் கதையை அங்கே எல்லாருக்கும் சொன்னேன். இப்போது இறுக்காத பிளக் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு மூடி கொழுவியிருக்கிறோம், அதைக் கழற்றாமல் வயர் கொழுவ முடியாது. கணக்கு எட்டு மூடி, திரும்பப் பெட்டிக்குள் எட்டும் வரவேண்டும்.

அந்த வாரத்தில் நாங்கள் முடித்த மற்ற இரண்டு விமானத்தையும் திறந்து பார்க்கச் சொன்னார்கள். ஒன்றில் எல்லாம் சரி. மற்றதில் என்ஜினுக்குக் கீழே ஒரு துடைக்கிற துணி கிடந்தது. அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை, எப்படி உள்ளே போனது என்று மட்டும் ஒரு மணிநேரம் நின்று கதைத்தார்கள்.

ஐயா, வருகிற போயா (பௌர்ணமி) லீவுக்கு ஊருக்கு வருகிறேன். நீங்கள் சம்மதித்தால் ஓர்ஸ்ஹில்லுக்கு வந்து உங்களைப் பார்க்க வேண்டும். அந்த 47 ஸ்குரூ கதையைப் பற்றி இன்னும் கேட்க இருக்கிறது.